எண் குறைந்தால் தந்தி தடிமன்

முரளிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். யாருக்கு எழுதினாலும் கை தானாக அந்த வரியை எழுதிவிடும். இன்றைக்கு அதை எழுதி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்திருக்கிறேன். உன் இன்லண்ட் லெட்டர் போன வாரம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு பக்கம் எழுத இடமுள்ள காகிதத்தில் ஆறு வரி எழுதியிருக்கிறாய். மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பம்பாயிலிருந்தே விமானம், மெட்ராஸ் வந்துபோக லீவு இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள். கடைசி வரியில், அந்த பேஸ் கிடாரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் யாருக்காவது கொடுத்துவிடு, வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் இப்போது இடத்துக்கு என்னடா பஞ்சம்? நானும் இரண்டு வீணைகளும்தான் இருக்கிறோம், அவையும் உறை போட்டுப் படுத்திருக்கின்றன. அந்தக் கிடாரைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாலு வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன். நீ கடல் தாண்டிப் போய்விட்டால் இந்த ஜன்மத்தில் சொல்லமாட்டேன் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் காது. உனக்கு எழுதவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷமாக மேல்சத்தம் எனக்குக் கேட்பதில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று. அப்புறம் காலிங்பெல். அப்புறம் ஒருநாள், பாடத்துக்கு வரும் பெண் ஒருத்தி மேல் ஷட்ஜத்தில் விரல் வைத்து மீட்டினாள். விரல் அசைந்தது தெரிந்தது, நகம் தந்தியில் படும் 'டக்' மட்டும் கேட்டது, ஸ்வரத்தைக் காணோம். நான் நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். அப்படியே ஆறு மாதம் தலையாட்டியே பாடம் நடத்தினேன் என்றால் நீ நம்புவாயா? கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மா, "மாமி, இவ அபஸ்வரமா வாசிக்கறாளே, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்டாள். மறுநாளே பாடத்தை நிறுத்திவிட்டேன். கை வலி என்று சொல்லிக்கொண்டேன். டாக்டர் பார்த்தார், இது திரும்பாது, இன்னும் இறங்கும் என்றார். இதை உன்னைக் கரைய வைக்க எழுதவில்லை. கடிதத்தின் கடைசியில் இது தேவைப்படுகிறது, அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அந்தக் கிடார் நம் வீட்டுக்குள் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சாந்தோம் எட்வினின் சித்தப்பா குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார், போகிறபோது அதை அவனிடம் விட்டுவிட்டுப் போக, அவன் உன்னிடம் கொடுத்தான். நீ அதைக் கூடத்தில் கிடத்தி, நோயாளியைச் சுற்றி நிற்பதுபோல நீயும் எட்வினும் பாண்டி பஜார் ஜவுளிக்கடை குமாரும் நின்றீர்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலே தந்தியா? மீதி எங்கே, ஆஸ்திரேலியா போயிடுத்தா?" என்று கேட்டேன். எட்வின் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தத் தந்திகள் செத்துப்போயிருந்தன. தட்டினால் மரத்தைத் தட்டினதுபோல ஒரு சத்தம். புதுசு வாங்க இந்த ஊரில் கடை கிடையாது. வாத்தியக் கடைகளில் கிடாருக்கு ஏதோ வைத்திருந்தார்கள், பேஸ் என்றால் முழித்தார்கள். அப்போது யாரோ உனக்குச் சொன்னார்கள், தந்தியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் அழுக்குப் போய் உயிர் வரும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து வருகிறேன், அடுப்பில் என் வெண்கலப் பானை கொதிக்கிறது, சாதம் வைத்துவிட்டாயோ என்று பூரித்துப்போய் மூடியைத் திறந்தால் உள்ளே நாலு தந்தி சுருண்டு சுருண்டு வெந்துகொண்டிருக்கிறது. நான் கத்தின கத்தல் குளத்தங்கரை வரை கேட்டிருக்கும். புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன். ஆனால் உண்மையாகவே அன்று சாயங்காலம் தந்தி நன்றாகப் பேசியது. அதை நான் உன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

புல்லாங்குழலின் பெயரை வைத்தேன் உனக்கு, நீ பிடித்ததோ வாத்தியங்களிலேயே அடிமட்டத்தில் உறுமுகிற ஒன்றை. எட்வினிடம் யாரோ கப்பல்காரர் கொடுத்த இரண்டு இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைக் கேட்டதிலிருந்து உங்கள் மூன்று பேருக்கும் எதுவும் போதவில்லை. "ஹெவியா இருக்கணும் ஆன்ட்டி, இன்னும் கீழே, இன்னும் கீழே," என்பான் எட்வின், கையைத் தரையைப் பார்த்து அமுக்கிக் காட்டி. எதிர்வீட்டு மாமா வந்து, "உங்காத்துல இரும்புப் பட்டறை ஏதாவது வெச்சிருக்கேளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மாமாவுக்குப் பயந்து நான் உங்களைத் துரத்தினேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் குமாரின் பெரியப்பா வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போனீர்கள். சத்தம் வீட்டை விட்டுப் போனதில் எனக்கு அப்போது நிம்மதி.

ஷெட்டுக்குப் போன கொஞ்ச நாளில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், நீ கொல்லைப்புற வாசலில் வந்து நின்றாய். "அம்மா, சுருதியை எறக்கினா தந்தி தொளதொளன்னு ஆயிடறது. நீ என்ன பண்ணுவே?" எவ்வளவு இறக்கினாய் என்று கேட்டேன். நீ விரல்விட்டு எண்ணி, எங்கள் கணக்கில் சொன்னாய், மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. "ஒண்ணரைக் கட்டையா? பாகவதர்கள் பாடற சுருதின்னா அது," என்றேன். "தந்தியை மாத்தணும்டா, வேறென்ன பண்ணுவா? நாலரையிலேர்ந்து நான் மூணு கட்டைக்கு எறங்கினப்போ எல்லாத் தந்தியும் ஒரு நம்பர் தடிமனா மாத்தினேனோல்லியோ? மெல்லிசுத் தந்தியை எறக்கினா அது சும்மா ஆடும், பேசாது. இறுக்கம் வேணும்." நீ அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாய். தந்தியை முறுக்கும் பிருடை, விரல் வைக்கும் மெட்டு, தந்தி மெட்டில் மோதாமல் இருக்க எவ்வளவு தூக்க வேண்டும் என்று அரைமணி நேரம் கேட்டாய். கையெல்லாம் சாம்பலோடு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். முரளி, உன் பத்தொன்பது வயதுக்குள் நீயும் நானும் அவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைப் பேசினது அந்த ஒருநாள்தான். என்னிடமிருந்து நீ வாங்கிக்கொள்ளக்கூடியது என்னிடம் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் பழைய வீணைப் பெட்டியின் பலகையை ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். ஆழ்வார்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் நாயகம் அதை அறுத்துப் பெட்டி அடித்தார். சினிமாக் கொட்டகையில் கழித்துப்போட்ட பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து மாட்டினார். எனக்கும் சேர்த்துத்தான் எச்சரிக்கை சொன்னார். "மாமி, இத்த பேச்சு கேக்கறதுக்குன்னு செஞ்சிக்கிறான். ஒங்க புள்ள கீழ கீழ எறக்கிக்கினே போறான். தந்தி சரியா இருந்தா மெதுவா வெச்சாலே சத்தம் வரும். தந்தி சரியில்லாம வால்யூமைத் திருப்பினான்னா ஸ்பீக்கர் உள்ள கீற காயிதம் கிழிஞ்சிடும், சொல்லிக்கிறேன் பாரு." நீ சிரித்தாய். "அதுக்குத்தான் நைனா தடிமனா தந்தி வரப்போவுது," என்று அவர் பாஷையிலேயே பதில் சொன்னாய்.

தந்தி வரவழைக்க ஒரே வழி அம்பி மாமாதான். என் தம்பிக்குக் கப்பலில் வேலை, மாதம் ஒருமுறை சிங்கப்பூர் போய்வருவான். ஆனால் அதற்குள் இன்னொரு விஷயம் நடந்துவிட்டது. குஜராத் பக்கத்து சிமெண்ட் ஃபாக்டரியிலிருந்து உனக்கு வேலைக் கடிதம் வந்தது. நீ சேரமாட்டேன் என்றாய். ஊரில் ஒரு பெரிய ஓட்டலுக்கு சாயங்காலம் வாசிக்க பேண்ட் எடுக்கிறார்கள், தியாகராய நகரில் ஒரு ஹாலில் நாலைந்து பேண்டுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், எடுத்துவிட்டால் வேலை வேண்டாம் என்றாய். உன் அப்பா போன பிறகு உன்னைத் தனியாக வளர்த்தவள் நான். ஓட்டல், குடி, தோள்வரை முடி, இவ்வளவுதான் என் கண்ணில் தெரிந்தது. சண்டை போட்டோம். இரண்டு நாள் நீ சாப்பிடவில்லை. கடைசியில் நான் இறங்கி வந்தேன், அல்லது இறங்கி வந்ததுபோலக் காட்டினேன். "இந்த ஒரு தடவை. எடுத்தான்னா உன் இஷ்டம். இல்லேன்னா ஒரு வார்த்தை பேசாம வேலையில சேர்ந்துடணும்." நீ என் கையில் அடித்து சத்தியம் செய்தாய். அந்த ஹாலில் அந்த ஒரு சாயங்காலம்தான் உன் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானிக்கப்போகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது அந்தச் சீட்டு. கிடார் பெட்டிக்குள் ஒரு பழைய உறை கிடந்தது, பழைய தந்திகளின் உறை. அதைப் பார்த்து நீ 45, 65, 85, 105 என்று எழுதி, கீழே, இப்போது இருப்பது இது, இதைவிட ஒரு படி தடிமன் வேண்டும் என்று எழுதி என்னிடம் கொடுத்தாய். "மாமாவுக்கு நீயே எழுதிடும்மா. தந்தி விஷயம் உனக்குத்தான் தெரியும்." நான் பெருமையாக உட்கார்ந்து எழுதினேன். வீணைத் தந்தி எப்படி வாங்குவோம்? இருபத்தெட்டு என்றால் மெல்லிசு, இருபத்திரண்டு என்றால் தடிமன். எண் ஏற ஏறக் கம்பி இளைக்கும். பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான், எந்தக் கம்பிக்கும் அதுதான் என்று இருந்தேன். அதனால் அம்பிக்கு எழுதினேன்: 'இந்த எண்களைவிடக் குறைந்த எண்ணாகப் பார்த்து வாங்கு. கடைக்காரன் ஏமாற்றப் பார்ப்பான். எண் குறைந்தால் தந்தி தடிமன், நினைவிருக்கட்டும்.' கடைசி வரிக்கு அடியில் கோடு வேறு போட்டேன். உன் தந்திகளின் எண் நேர்மாறானது, அங்கே எண் ஏறினால்தான் தடிமன் ஏறும் என்று நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? எனக்குத்தானே தெரியும்.

இதுவரை நான் எழுதியது அறியாமை. அதற்காக மட்டும் என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்கமாட்டேன். கப்பல் தாமதமாகி, நீ வாசிக்கவேண்டிய அன்றைக்குக் காலையில்தான் அம்பி துறைமுகத்திலிருந்து நேராக வந்தான். கஸ்டம்ஸ்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று உறையைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டு, தந்தியை மட்டும் சுருட்டி எனக்கு வாங்கின புடவை மடிப்புக்குள் வைத்திருந்தான். நீ பிரித்தாய். பளபளவென்று இருந்தன. உன் பழைய தந்தி வழவழப்பு, இது சொரசொரப்பு, அதனால் உன் கைக்கு வித்தியாசம் புரியவில்லை. நீ கிடாரைக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, பிளையர் தேட உள்ளே போனாய். நான் சும்மா அந்தப் பெரிய தந்தியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்தேன். முப்பது வருஷம் தந்தி கட்டின விரல். மயிரிழை வித்தியாசம் அதற்குத் தெரியும். அப்புறம் உன் கிடாரில் இருந்த பழைய பெரிய தந்தியைத் தொட்டேன். புதுசுதான் மெல்லிசு. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது, எண் எங்கே புரண்டது என்பது உட்பட.

நீ கட்டிங் பிளையரோடு வந்து உட்கார்ந்தாய். "இதெல்லாம் இனிமே வெந்நீர்ல குளிக்க வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே பழைய தந்திகளைத் தளர்த்தி வெட்டினாய். நாலு வெட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது. இருடா, வெட்டாதே, என்று இரண்டு வார்த்தை. பழசை விட்டிருந்தால் இரண்டரைக் கட்டைக்கு ஏற்றிக்கொண்டு எப்படியாவது வாசித்திருப்பாய், பழகின தந்தி, காப்பாற்றியிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. காபி ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன். முதலில் வெட்கம், தந்தி விஷயம் தெரிந்தவள் தப்பாக எழுதிவிட்டாளே என்று. இரண்டாவது வெட்டில் வெட்கம் போய் வேறொன்று வந்தது. இப்படியே போகட்டும், தோற்றுவிட்டு வேலைக்குப் போகட்டும், ஓட்டலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். நான் ஒன்றும் செய்யவில்லையே, தானாக நடக்கிறதே என்று மனசுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உன் அம்மா அன்றைக்கு இதை நினைத்தாள், முரளி. எழுத்தில் எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

அந்தச் சாயங்காலத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ மேடையிலிருந்து பார்த்தாய், நான் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். நீ பெரிய தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கியதும் அது கொடியில் காயும் துணி மாதிரி ஆடியது. ஒவ்வொரு அடிக்கும் சுருதி முதலில் ஏறி அப்புறம் வழிந்தது. மெட்டுகளில் மோதிச் சடசடத்தது. எட்வின் திரும்பித் திரும்பி உன்னைப் பார்த்தான். நீ நடுவில் குனிந்து சுருதி சேர்த்தாய், அது நிற்கவில்லை. மறுபடி சேர்த்தாய். அப்புறம் நாயகம் எதைச் செய்யாதே என்றாரோ அதைச் செய்தாய், வால்யூமைத் திருப்பினாய். ஸ்பீக்கர் கிழிந்த சத்தத்துக்கு முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். குமார் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான், பாவம், எப்போது நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நீ கிடாரைக் கழற்றாமலே மேடையில் நின்றாய். உன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கைதான் தப்பு செய்துவிட்டது என்பதுபோல. நான் நினைத்தது நடந்துவிட்டது. நான் எழுந்து வந்து உன்னைக் கூப்பிடக்கூட இல்லை.

மறுநாள் நீ வெட்டிப்போட்ட துண்டையும் புதுத் தந்தி கட்டின கிடாரையும் எடுத்துக்கொண்டு நாயகத்திடம் போய் அளந்தாய். "நைனா, புச்சு பழசவிட மெல்லிசா கீது. ஆர் வாங்கினாந்தது?" என்று கேட்டாராம். நீ வீட்டுக்கு வந்தபோது அம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "தடிமன் கேட்டா மெல்லிசு வாங்கிண்டு வந்திருக்கேளே, உங்களுக்குக் கண் தெரியாதா மாமா? எழுதினதைப் படிக்கத் தெரியாதா?" என்று நீ கத்தினாய். அம்பி என்னைப் பார்த்தான். நான் மோர்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வாய் சாதத்தை விழுங்கிவிட்டு, "தப்புதாண்டா. கடையில அவசரமாப் போச்சு," என்றான். நீ அதற்குப் பிறகு அவனோடு பேசவே இல்லை. அடுத்த வாரம் சத்தியத்தைக் காப்பாற்றினாய். சென்ட்ரலில் ரயில் ஏறும்போது அவன் பழம் வாங்கிக்கொண்டு வந்து நின்றான், நீ வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பழத்தை அவன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தான். நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷத்தில் மெட்ராஸ் ஆபீசுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிடுவாய், பெண் பார்ப்பேன் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். நீ கேட்கவேயில்லை மாற்றம். நீ அங்கே போன புதிதில் நாலு பக்கக் கடிதம், அப்புறம் இரண்டு, அப்புறம் கார்டு, இப்போது ஆறு வரி. ஒரு தடவை எட்வினை அடையாறு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடியை வெட்டிவிட்டான், ஏதோ மருந்துக் கம்பெனி பை கையில். "முரளி ப்ளேயிங், ஆன்ட்டி?" என்று கேட்டான். இல்லை என்றேன். "சொல்லுங்கோ அவன்கிட்டே, அவன் தப்பு இல்லே. ஸ்ட்ரிங்ஸ் ராங்," என்றான். மூன்று வருஷம் கழித்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் சரி, எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை.

போன மாதம் அம்பி வந்தான். கப்பல் வேலை முடிந்துவிட்டது, உடம்பும் சரியில்லை. பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது என்று ஒரு கவரைக் கொடுத்தான். நான் அவனுக்கு எழுதின கடிதம். கோடு போட்ட வரி அப்படியே இருக்கிறது. அன்றைக்கு நீ கத்தினபோது அது அவன் சட்டைப் பையிலேயே இருந்ததாம். "கடைக்காரச் சீனன் ரெண்டு தரம் சொன்னான் அக்கா, கொறைஞ்ச நம்பர்னா மெல்லிசுன்னு. எங்கக்கா வீணைக்காரி, உன்னைவிட அவளுக்குத் தெரியும்னு சொல்லி வாங்கினேன்," என்றான். ஏண்டா அவனிடம் காட்டவில்லை என்று கேட்டேன். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று தெரியாமல் அவன் மெதுவாக ஏதோ சொன்னான். உதடு அசைந்தது. மறுபடி சொல் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் அன்றைக்குத் தந்தியைத் தொட்டுப் பார்த்ததை அவனிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான், பார்த்தாலே தெரியும். படித்த பிறகு எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் எழுதாதே. அம்பி மாமாவுக்கு ஒரு வரி எழுதிவிடு, விமானம் ஏறுவதற்கு முன்னால். பெரியவள் என்று புத்தி சொல்லும் தகுதியை அந்த நாலு வெட்டில் இழந்துவிட்டேன், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன் பிள்ளை உன்னிடம் வந்து ஏதாவது கேட்டால், உனக்குத் தெரிந்த கணக்கிலேயே பதில் சொல்லிவிடாதே, உன் எண் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அவனைக் கேள். அப்படியும் தப்பு செய்துவிட்டால், அவன் வெட்டுவதற்கு முன்னால் வாயைத் திற. எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை என்று சொல்லமாட்டேன். சொல்லாமலே எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கிடார் விஷயம். நீ எழுதினபடி கொடுத்துவிடலாம் என்று நாயகத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் புதுக் காகிதம் கொண்டுவந்து ஸ்பீக்கருக்கு ஒட்டினார், வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துப்போகிறேன் என்றார். கூடத்தில் வைத்து ஒயரைச் சொருகினார். நான் தந்தியைத் தொட்டேன், சுருதி எங்கேயோ இருந்தது. மேல் தந்தி இரண்டும் சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவது ஏதோ பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி. பெரிய தந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன், நீ கேட்ட ஒன்றரைக் கட்டைவரை, அதற்கும் கீழே. எட்வின் சொன்னதுபோல, இன்னும் கீழே. பாதத்தில் முதலில் வந்தது, அப்புறம் மார்பில், அப்புறம் காதில். நாயகத்தை வெறும் கையோடு அனுப்பிவிட்டேன். நான் தெருவுக்குப் பயந்து துரத்தின சத்தம் மட்டும்தான் இனி எனக்கு மிச்சம். தினமும் சாயங்காலம் ஒருமுறை மீட்டுகிறேன். அதே தந்திதான் இன்னும் கட்டியிருக்கிறது, மாற்றவில்லை. தொளதொளவென்று ஆடுகிறது, மெட்டில் மோதுகிறது, சுருதி நிற்கவில்லை. எனக்குக் கேட்கிறது.

அம்மா